அடுப்புக்குப் பின்னால் ஸ்பெயின்

மாயவரத்தில் என் தங்கை குடியிருக்கும் வீடு எங்கள் தாத்தா கட்டியது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்பங்கரை, கொல்லை என்று ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் போகிற வீடு. கூடத்துக்கு மொஸெய்க் தரை வந்து நாற்பது வருஷமாகிறது. ரேழிக்கு இரும்புக் கிராதி வந்துவிட்டது. அடுப்பங்கரைக்குத்தான் பெரிதாக ஒன்றும் வரவில்லை. விறகடுப்பு போய்க் காஸ் அடுப்பு வந்தது. உட்கார்ந்து சமைத்தது போய், நின்று சமைக்கக் கடப்பைக்கல் மேடை வந்தது. சுவர் மட்டும் பாட்டி காலத்துச் சுவர். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தும், ஆனி மாதம் பிறப்பதற்குள் பழைய புகை உள்ளேயிருந்து மெல்ல எட்டிப் பார்க்கும்.

அந்தச் சுவரை மாற்றப் போவதாகச் சென்ற வருஷம் தங்கை டெலிபோனில் சொன்னாள். “டைல்ஸ் பார்க்கக் கும்பகோணம் போகணும். நீயும் வா அண்ணா. நாலு தேசம் பார்த்தவன் நீ” என்றாள். நான் பார்த்தது உண்மையில் இரண்டே தேசம். ஸ்பெயினும் போர்த்துகலும், அதுவும் பதினெட்டு நாளில், ஒரு கூட்டத்தோடு கூட்டமாக. இருந்தாலும் மறுக்கவில்லை. முப்பது வருஷமாக மற்றவர்கள் எழுதிய நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிச் சொல்லி, எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லலாம் என்கிற தைரியம் எனக்கு வந்துவிட்டது. அடுப்பங்கரை மட்டும் எம்மாத்திரம்?

கடைக்காரப் பையன் நல்ல பையன். எங்களை உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, “இப்ப எல்லாரும் மெடிட்டரேனியன்தான் சார் கேட்கறாங்க” என்று ஆரம்பித்தான். மத்தியதரைக் கடல்! சுவர் நிறைய அதுதான் மாட்டியிருந்தது. நட்சத்திரம், எட்டிதழ்ப் பூ, கொடி, சக்கரம்; நீலம், காவி, எலுமிச்சை மஞ்சள், கறுப்பு. ஒன்றுக்கு ‘மொராக்கன்’ என்று பெயர். இன்னொன்றுக்கு ‘ஸ்பானிஷ்’. ஆறு தினுசுப் பூவையும் கலந்து ஒட்டுப் போட்டால் அதற்கு ‘பேட்ச்வொர்க்’. மத்தியதரைக் கடலைச் சுற்றி இருபதுக்கு மேற்பட்ட தேசங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் சேர்த்து ஒரே பாணி என்று சொல்வது, சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் பொதுவாக ‘வங்காளக் குடாக்கடல் சமையல்’ என்று ஒன்றைப் பரிமாறுவது போலத்தான். சாப்பிடுகிறவன் சாப்பிடுவான். ஆனால் எந்த ஊர்க்காரனுக்கும் அது தன் வீட்டுச் சாப்பாடாக இராது.

நான் எழுந்து போய் ஒரு டைலைக் கிட்டத்தில் பார்த்தேன். பழைய காலத்துச் சரக்கு போல ஓரம் தேய்ந்திருந்தது. மூலையில் மெருகு உரிந்து, குறுக்கே மயிரிழை விரிசல் ஒன்று ஓடிற்று. நிஜ விரிசல் அல்ல. அச்சடித்த விரிசல். அடுத்த வரிசையிலும் அதே மூலை, அதே உரிசல், அதே விரிசல். எண்ணிப் பார்த்தேன்: ஆறு டைலுக்கு ஒரு தரம் அதே விபத்து திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்தச் சரக்கெல்லாம் பெரும்பாலும் குஜராத்தில் மோர்பி என்கிற ஊரிலிருந்து வருகிறது. சுட்டெடுக்கிற கல்லின் மேல், காகிதத்தில் அச்சிடுவதுபோல, மையைத் தெளித்துப் படம் போடும் யந்திரம் அங்கே இருக்கிறது. அருமையான யந்திரம்தான், சலவைக்கல் வேண்டுமா, தேக்குப் பலகை வேண்டுமா, முந்நூறு வருஷத்துப் பழமை வேண்டுமா, எல்லாம் போட்டுத் தரும். நல்ல எழுத்தாளன் ஒருவனுடைய நடையிலுள்ள குறைகளை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதுகிறவர்கள் நம்மில் சிலர் உண்டு. அவர்கள் ஞாபகம் வந்தது எனக்கு.

பையன் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளையும் நீலமுமாக ஓர் அடுப்பங்கரை. தாமிரப் பாத்திரங்கள் வரிசையாகத் தொங்கின. “இதுதான் சார் மெடிட்டரேனியன் லுக்!” இந்தப் படத்துக்கு மூதாதை எது என்று எனக்குத் தெரியும். ஓவியர் க்ளோத் மோனே 1883 முதல் 1926-இல் இறக்கும் வரையில் குடியிருந்த ஜிவெர்னி வீட்டின் சமையலறை அது. உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் படம் வந்த சமையலறை. அந்த நீல டைல்கள் ரூவான் நகரத்துச் சரக்கு. ரூவானும் ஜிவெர்னியும் பிரான்ஸின் வடக்கே, ஸேன் நதிக்கரையில் இருக்கின்றன. மத்தியதரைக் கடலின் காற்றுக்கூட அங்கே எட்டாது. வெள்ளையில் நீலம் என்கிற மோகமே சீனாவிலிருந்து டச்சுக்காரர்கள் மூலமாக வடக்கு ஐரோப்பாவில் பரவியது. இதையெல்லாம் பையனிடம் சொல்லவில்லை. அவனுக்குச் சாயங்காலத்துக்குள் பத்துப் பெட்டியாவது விற்றாக வேண்டும்.

தங்கையிடம் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் சொன்னேன்.

நிஜமான சரக்கை நான் பார்த்தது ஸெவில் நகரத்தில். வெயில் நம் ஊர் வெயில் மாதிரி அடிக்கும் ஊர் அது. தெருவிலிருந்து ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தால் கண் முதலில் இருட்டிக்கொள்ளும். பிறகு சுவர் தெரியும். சுவரின் கீழ்ப்பாதி, ஏறக்குறைய மார்பளவு உயரத்துக்கு, பச்சையும் நீலமும் தேன் நிறமுமான டைல். அதற்கு மேலே உத்தரம் வரையில் வெறும் சுண்ணாம்பு வெள்ளை. இந்த மேல்பாதி வெள்ளையை யாரும் போட்டோப் பிடிப்பதில்லை. ஆனால் கீழ்ப்பாதிக்கு உயிர் கொடுப்பது அதுதான். ஆள் உரசுகிற, தண்ணீர் தெறிக்கிற, அழுக்குப் படிகிற உயரம் வரையில் கழுவக்கூடிய சரக்கு. அதற்கு மேலே வருஷந்தோறும் அடித்துக்கொள்ளக்கூடிய சுண்ணாம்பு. உபயோகத்திலிருந்து பிறந்த கணக்கு அது. கண்ணுக்கு இளைப்பாறுதல் கிடைப்பது உபரி லாபம்.

டைலுக்கு ஸ்பானிஷ் பாஷையிலும் போர்த்துகீஸிலும் ‘அஸுலேஹோ’, ‘அஸுலேஜு’ என்று பெயர். ‘அஸுல்’ என்றால் நீலம். ஆகையால் நீலக் கல் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளத் தோன்றும். தப்பு. மெருகிட்ட சிறு கல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. மொராக்கோவில் ‘ஸெல்லீஜ்’ என்பதும் அதே சொல்லின் உடன்பிறப்பு. ஃபெஸ் நகரத்துக் கைவினைஞன், சுட்டு மெருகேற்றிய கல்லைச் சுத்தியலால் கொத்திக் கொத்தி நட்சத்திரமும் சதுரமுமாக ஆக்கி, முகத்தைக் கீழே கவிழ்த்து அடுக்கிச் சேர்க்கிறான். கிரானடாவில் 14-ஆம் நூற்றாண்டு அல்ஹம்ப்ரா அரண்மனைச் சுவர்களில் இருப்பதும் இப்படிக் கல் கல்லாக அடுக்கியதுதான். இது பெரிய செலவு. ஸெவில்காரர்கள் சுருக்குவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். ஈரக் களிமண்ணில் அச்சை அழுத்தினால் வரப்பு மாதிரி மெல்லிய கோடுகள் எழும்பும்; ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு நிற மெருகை விட்டால், சுடும்போது ஒன்றோடொன்று கலக்காது. நம் வயல் வரப்புக்கும் அதே வேலைதானே? அதற்கப்புறம் 1500-ஐ ஒட்டி இத்தாலியிலிருந்து பிரான்சிஸ்கோ நிக்குலோஸோ என்பவர் ஸெவிலுக்கு வந்து, வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகின் மேல் தூரிகையால் நேராகப் படம் எழுதும் வித்தையைக் கொண்டுவந்தார். அவர் 1504-இல் செய்த பலிபீடம் ஒன்று ஸெவில் அரண்மனையில் இருக்கிறது. சுடாத மெருகு உலர்ந்த மாவு மாதிரி. தூரிகை பட்டவுடன் உறிஞ்சிக்கொள்ளும். அழிக்க முடியாது, திருத்த முடியாது. ஓலையில் எழுத்தாணி ஓட்டிய நம் முன்னோர்களுக்கு இந்தப் பயம் புரிந்திருக்கும்.

இத்தனை பிரசங்கத்தையும் கேட்டுவிட்டு என் தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அது சரி. அங்கே அடுப்பங்கரையிலே என்ன போட்டிருக்கா?”

நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஞாபகப்படுத்திப் பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது. போர்த்துகலில் சிந்த்ரா என்கிற ஊரில் பழைய அரச மாளிகை ஒன்று இருக்கிறது. அதன் கூடங்களில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸெவிலிலிருந்து தருவித்த டைல்களைப் பார்க்கவே ஜனங்கள் போகிறார்கள். அந்த மாளிகைக்கு அடையாளம் வானத்தில் 33 மீட்டர் உயர்ந்து நிற்கும் இரண்டு கூம்புகள். ராட்சத ஐஸ்கிரீம் கூம்பைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். சமையலறைப் புகைபோக்கிகள் அவை. உள்ளே போனால் சமையலறைச் சுவர் வெறும் வெள்ளை டைல். இன்னும் வடக்கே அல்கோபாசா என்கிற இடத்தில், 1153-இல் ஸ்தாபித்த மடம் ஒன்றில், 18-ஆம் நூற்றாண்டில் திருத்தியமைத்த சமையலறையைப் பார்த்தேன். நடுவில் ஒரு முழு மாட்டையே வாட்டலாம் போன்ற அடுப்பு. ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய் சமையலறைக்குள்ளேயே வந்து போகிறது. அங்கேயும் சுவரெல்லாம் வெள்ளை. பூ இல்லை, நட்சத்திரம் இல்லை. மெய்யாகவே நூறு பேருக்குச் சமைத்த இடங்களில் வெள்ளை; உட்கார்ந்து பேசிய இடங்களில் சித்திரம்.

சித்திரம் எழுதிய சமையலறையும் ஒன்று பார்த்தேன். மாட்ரிட் நகரத்தில், ரெத்தீரோ பூங்காவுக்குப் பக்கத்தில், அலங்காரக் கலைகளுக்கென்று தேசிய மியூசியம் ஒன்று இருக்கிறது. அதன் மேல்தளத்தில், வாலென்சியாவில் ஒரு பிரபுவின் மாளிகையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அப்படியே நிறுத்திய 18-ஆம் நூற்றாண்டுச் சமையலறை. 1,500க்கு மேற்பட்ட டைல்கள். கையால் எழுதியவை. நாலு பக்கமும் ஒரே சித்திரம். வீட்டு எஜமானி பட்டாடை உடுத்தி நிற்கிறாள். வேலைக்காரர்கள் தட்டுத் தட்டாகச் சாக்லேட் பானமும் பலகாரமும் ஏந்தி வருகிறார்கள். சுவரில் ஆணி அடித்து மாட்டின மாதிரி இறைச்சித் துண்டங்கள், மீன்கள், பறவைகள், வாணலிகள், கரண்டிகள், எல்லாம் படம். பூனைகளும் உண்டு. நிஜமான சட்டியை மாட்ட இடமில்லாமல் எழுதின சட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

அங்கே நான் ரொம்ப நேரம் நின்றேன். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மஞ்சளும் பச்சையும் இருநூற்றைம்பது வருஷமாக நிறம் மங்கவில்லை. ஆனால் நிற்க நிற்க மனத்தில் ஏதோ உறுத்திற்று. இந்தச் சமையலறையைச் சமைக்கிறவள் யாரும் நினைத்துச் செய்திருக்க மாட்டாள் என்று தோன்றிற்று. எஜமானிக்கு விருந்தாளிகள் வருவார்கள். சாக்லேட் குடிக்கிற நாகரிகம் அப்போது உச்சத்தில் இருந்தது. தன் வீட்டில் எத்தனை ஆள், எத்தனை பண்டம் என்று அவர்கள் கண்ணில் பட வேண்டும். அதற்காக எழுதின சுவர் அது. வேலைக்காரி பகல் முழுதும் நிஜத் தட்டைத் தூக்கிக்கொண்டு, எதிர்ச் சுவரில் தட்டைத் தூக்கிக்கொண்டே நிற்கும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூடத்தில் மாட்ட வேண்டிய படத்தை அடுப்பங்கரையில் எழுதிவிட்டார்கள்.

இதை வைத்துத் தங்கைக்கு ஒரு தீர்ப்பே எழுதிக் கொடுத்தேன். சித்திரம் உட்காருகிற இடத்துக்கு; வெள்ளை உழைக்கிற இடத்துக்கு. ஐரோப்பாவுக்குப் போவானேன்? செட்டிநாட்டையே பார். முகப்பிலும் வளவிலும் இத்தாலியச் சலவைக்கல், ஜப்பானிலிருந்து வந்த பூப்போட்ட பீங்கான் டைல், பர்மாத் தேக்கு. கட்டுக் கட்டாகத் தாண்டிக் கடைசிக் கட்டில் சமையல் நடக்கும் இடத்துக்குப் போனால் ஆடம்பரம் ஒன்றுமில்லை. பெரியவர்கள் காரணமில்லாமலா செய்தார்கள்? ஆகையால் உன் அடுப்புக்குப் பின்னால் ஸ்பெயினும் வேண்டாம், மொராக்கோவும் வேண்டாம். வெள்ளை டைல் போடு, போதும் என்றேன்.

அவள் அரிவாள்மணையில் வாழைப்பூவை நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

“அந்தக் கடைசிக் கட்டிலே யார் இருந்தா அண்ணா?”

நான் பேசாமல் இருந்தேன்.

“முகப்பிலே ஆம்பளைகள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தா. அங்கே அழகு. பொம்மனாட்டி விடியக்காலம் நாலு மணியிலிருந்து நிக்கற இடத்திலே ஒண்ணும் கிடையாது. அதைப் பெரியவா காரணத்தோட செய்தான்னு சொல்றே. காரணம் எனக்கும் தெரியும். அம்மா இந்தச் சுவரைப் பார்த்துண்டு அம்பது வருஷம் சமைச்சா. நான் முப்பத்திரண்டு வருஷமாப் பார்த்துண்டிருக்கேன். உனக்கு இதிலே எத்தனை வருஷம்?”

மூன்றாம் பேர்வழி முன்னிலையில் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். தனியாகச் சொன்னதால் யோசனை வந்தது. நாவல் விமரிசனத்தில் இந்தத் தப்பை மற்றவர்கள் செய்தால் உடனே பிடித்துவிடுவேன்: எங்கே எந்த அலங்காரம் இருந்தது என்று பார்ப்பார்கள், அது இல்லாத இடத்தில் இருந்தவர்கள் அதை வேண்டாமென்றா சொன்னார்கள் என்று பார்க்க மாட்டார்கள். அல்கோபாசாவின் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் துறவின் தூய்மை என்று நான் பரவசப்பட்டேன். அங்கே பாத்திரம் தேய்த்தவனைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பானோ!

சரி, பூப்போட்ட டைல் வேண்டும் என்பதே நியாயம் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பூ? அச்சடித்த விரிசலுக்கு அவளும் சம்மதிக்கவில்லை. “நாலு நாள் பார்த்தா சலிச்சுப் போயிடும்” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். நான் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். உடனே நான் ஆத்தங்குடியைச் சொன்னேன். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம், சுடாத கல். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் அறைகளில் சிமெண்டில் கலந்த வர்ணத்தை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் உலர்வாகத் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து எடுத்து வெயிலில் வைத்தால் கண்ணாடி தானே விட்டுக்கொள்ளும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். மத்தியதரைக் கடற்கரையிலும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி உண்டு. சூளை இல்லாமல், சிமெண்டையும் வர்ணத்தையும் அச்சில் போட்டுப் பெரிய அழுத்து யந்திரத்தில் நசுக்கி எடுக்கிற கல். 1867 பாரிஸ் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். பார்ஸிலோனாவில் 1886-இல் தொடங்கிய எஸ்கோஃபெத் கம்பெனி அதில் பேர் பெற்றது. கௌடி என்கிற கட்டடக்கலை மேதை அந்தக் கம்பெனிக்காக வரைந்த ஆறுமூலைக் கல் ஒன்று உண்டு. ஏழு கல் சேர்ந்தால்தான் சித்திரம் பூர்த்தியாகும். தனிக் கல்லில் பாதி நத்தை, பாதி நட்சத்திர மீன் என்று ஏதோ நெளியும். ஆக, மத்தியதரைக் கடல் வேண்டுமென்றால் அறுபது எழுபது கல் தொலைவிலேயே அது கிடைக்கும்போது குஜராத்துக்கு ஏன் பணம் அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். சுதேசி ஆவேசத்தில் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லிவிட்டேன்.

தங்கை ஒரே ஒரு மாதிரிக் கல் தருவித்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது. சிவப்பு வட்டத்துக்குள் மஞ்சள் இதழ், ஓரத்தில் பச்சை. நான் மேஜை மேல் நிறுத்தி வைத்து ரசித்தேன். அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பு மேடையில் படுக்கவைத்தாள். ஒரு மூலையில் மஞ்சள் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஒரு பொட்டு; இன்னொரு மூலையில் ஒரு கரண்டி புளித் தண்ணீர்; மூன்றாவது மூலையில் காய்ச்சின எண்ணெய். ராத்திரி முழுவதும் அப்படியே விட்டுவிட்டாள்.

காலையில் கழுவிக் கொண்டுவந்து காட்டினாள். மஞ்சள் பொட்டு, குங்குமம் மாதிரி சிவந்து கல்லுக்குள் இறங்கியிருந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். புதுச் சிமெண்டிலும் அந்தச் சுண்ணாம்புக் குணம் இருக்கிறது. புளித் தண்ணீர் பட்ட இடத்தில் வழவழப்பு போய்ச் சொரசொரவென்று ஆகிவிட்டது. எண்ணெய் விட்ட இடம் கறுத்திருந்தது. “தரைக்கு நல்ல கல். மிதிக்க மிதிக்க மெருகேறும். எப்பவாவது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சா இன்னும் நன்னா இருக்கும். தாளிக்கிற சுவருக்கு ஆகாது” என்றாள். எத்தனையோ புஸ்தகங்களுக்கு நான் மதிப்புரை எழுதியிருக்கிறேன். இவ்வளவு யோக்கியமான பரீட்சை எதற்கும் வைத்ததில்லை.

அவளுடைய ஆட்சேபம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூப்போட்ட சுவருக்கு எதிரே சமைத்தால் கடுகு தெறித்தது தெரியாது, எறும்பு வரிசை தெரியாது, நேற்றைய சாம்பார் தெறித்துக் காய்ந்ததும் தெரியாது. அழுக்கை மறைக்கும் என்று கடைக்காரப் பையன் சொன்ன அதே குணம்தான். ராத்திரிப் பத்து மணிக்குத் தெரியாமல் இருந்தால் சௌகரியம். காலையில் தெரியாமல் இருந்தால் அசிங்கம் என்றாள்.

மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமான பழைய சுவர். கீழேயிருந்து ஈரம் ஏறுகிற காவிரிப் பக்கத்து மண். “உத்தரம் வரைக்கும் டைல்ஸ் போட்டுச் சிமெண்டால அடைச்சுட்டா சுவர் மூச்சு விடாதுங்க. ஈரம் வெளியே வர வழியில்லாம வேற பக்கம் போய் உப்புப் பூக்கும். வேணுங்கற உயரத்துக்கு மட்டும் போடுங்க, மேலே சுண்ணாம்பே இருக்கட்டும்” என்றார். இந்த ஒரு யோசனைக்காக அவர் கூலியை இரட்டிப்பாக்கியிருக்கலாம். நான் பதினெட்டு நாள் அலைந்து கண்டுவந்த ஸெவில் கணக்கை மாயவரம் தாண்டாத மனிதர் கொத்துக்கரண்டியால் தட்டியே சொல்லிவிட்டார்.

முடிவில் தங்கை செய்தது இது. அடுப்புக்குப் பின்னாலும் தொட்டிக்குப் பின்னாலும் வெள்ளை டைல், இணைப்புகள் குறைவாக இருக்கும்படி பெரிய அளவில். எண்ணெய்ப் பிசுக்கு முதலில் ஏறுவது இணைப்பில்தான் என்று அவளுக்குத் தெரியும். தரைக்கு ஆத்தங்குடி. மிஞ்சின பணத்தில் எதிர்ச் சுவருக்கும் ஆத்தங்குடி, மார்பளவு உயரத்துக்கு. அடுப்பிலிருந்து எட்டு அடி தள்ளியிருக்கிற சுவர், தாளிதம் தெறிக்காது. அந்தச் சுவருக்கு எதிரே ஒரு சின்ன மேஜையும் நாற்காலியும் போட்டிருக்கிறாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அவள் சாப்பிடுகிற இடம். இதுவரையில் மேடை ஓரத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டுவந்தாளாம். எனக்குத் தெரியாது.

கல் பதிக்கிற அன்றைக்கு நான் ஊரில்தான் இருந்தேன். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலக் கனம். சுவரில் ஏற்றுவதற்குள் மேஸ்திரி திணறிப் போனார். ஒரு கல்லில் கால் பூதான் உண்டு. நாலு கல் சேர்ந்து மூலை கூடுகிற இடத்தில் முழுப் பூ மலரும். ஆகவே கல்லைச் சரியான பக்கம் திருப்பிவைக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் ஒரு கல் திரும்பிவிட்டது. பூவின் ஓர் இதழ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை ஓரம் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டவுடன் உள்ளூர ஒரு சந்தோஷம். கைவேலை என்பதற்கு இதுவல்லவா அடையாளம்! யந்திரம் அச்சடித்த விரிசலைப் பார்த்துச் சிரித்தவனுக்கு நிஜமான பிழை ஒன்று கிடைத்துவிட்டது. மேஸ்திரியிடம் சொல்லவில்லை. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமென்றுகூட நினைத்துக்கொண்டேன்.

தங்கை காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை என் கையில் கொடுக்கும்போதே சுவரைப் பார்த்தாள்.

“மேஸ்திரி, மூணாவது வரிசையிலே ஒரு கல் திரும்பியிருக்கு.”

“இருக்கட்டுமே” என்றேன் நான். “கையால செய்கிறபோது அப்படி ஒன்று ரெண்டு இருக்கிறதுதான் அழகு.”

“அழகாவது! தப்பா வெச்சிருக்கு. நான்னா தினம் இதைப் பார்த்துண்டு சாப்பிடணும்?” என்றாள். “காயறதுக்குள்ள எடுத்துடுங்கோ மேஸ்திரி.”

அவர் கரண்டி முனையை இடுக்கில் விட்டு நெம்பினார். கல் உடையாமல் வந்தது. பின்பக்கத்துச் சாந்தைச் சுரண்டிவிட்டு, புதுச் சாந்து அப்பி, கால் வட்டம் திருப்பி வைத்து, மரக்கட்டையால் நாலு தட்டுத் தட்டினார். இதழ் இடத்துக்கு வந்து சேர்ந்தது. நான் காப்பியைக் குடித்தேன், ஆறிப் போயிருந்தது.